ஆறாவது சிலிண்டர்

வின்ட்ஸர், ஒன்டாரியோ
10 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணன் ரெனேவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே சேதி சொல்லிவிடுகிறது. வடக்கே சுரங்கத்தில் உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? கை கால் விரல்கள் எல்லாம் கணக்குப்படி இருக்கின்றனவா?

கிளெனோடு குடித்தனம் நடத்தியது போதும் என்று அவனை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீடு அவனுக்கு, ஷெட் அவனுக்கு, பந்தயக் கார் அவனுக்கு. எனக்கு என் சிலிண்டர் கடையும் போரிங் மெஷினும் அளவுக் கருவிகளும். ரயில் பாதைக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு சலவைக்கடையை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனைக்கு நடுவே இரும்பு கடைகிறேன்.

போன வாரம் ஒரு கார்ப் பத்திரிகையில் அவன் படம் வந்திருக்கிறது. பானட்டில் சாய்ந்துகொண்டு, "இன்ஜினை நானே தனியாளாகக் கட்டினேன்" என்று சொல்லியிருக்கிறான். எட்டு வருஷமாக அந்த ஷெட்டில் நான் குனிந்த முதுகு இன்னும் முழுசாக நிமிரவில்லை. அவன் அங்கே தானாகக் கட்டியது ஷூ லேஸ் ஒன்றுதான்.

அவன் சொன்னதை ஊரே நம்புகிறது. பந்தயக்காரன் ஒருவன்கூட என் கடைக்கு வருவதில்லை. நேற்று ஒருவர் புல்வெட்டும் மெஷினைக் கொண்டுவந்து, "கிளென் கூட இத்தனை வருஷம் இருந்தீங்க, கொஞ்சமாவது கத்துக்கிட்டிருப்பீங்கல்ல?" என்று கேட்டார். பிளேடைத் தீட்டிக் கொடுத்து அனுப்பினேன். கையில் பிளேடு இருந்தும் அவரைச் சும்மா விட்டதற்கு நீ என்னைப் பாராட்ட வேண்டும்.

முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஆகஸ்டில் ஹார்ட்வெல் ஓடுதளத்தில் நேர்கோட்டுப் பந்தயத்தில் கிளெனோடு மோதப் போகிறேன். இன்ஜினை நான் கட்டுவேன், காரை நான் ஓட்டுவேன். அம்மா வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் உன் பழைய காரை எடுத்துக்கொள்கிறேன். இது அனுமதி கேட்டு எழுதும் கடிதம் அல்ல. அதில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன, அவற்றை மட்டும் அம்மாவிடம் கேட்டு இடம் மாற்றினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தொப்பி போடாமல் வீரம் காட்டாதே.

உன் தங்கை
கொரீன்

*

சுரங்க முகாம், யெல்லோநைஃபுக்கு வடக்கே
8 டிசம்பர் 1996

அன்புத் தங்கை கொரீனுக்கு,

விரல் இருபதும் இருக்கின்றன. மூக்கு மட்டும் காலையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குத் தைலம் அனுப்புகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை காப்பியும் டோனட்டும்தானா?

இங்கே இருப்பது ஒரே போன். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே சுவரில் தொங்குகிறது. பின்னால் ஒரு வரிசையே நிற்கும். எவனாவது பெண்டாட்டியிடம் அழுதால் வரிசை முழுக்க மூக்கை உறிஞ்சும். நம் வீட்டுச் சண்டையை அவர்களுக்குக் கேட்கவைக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் கடிதம்.

காரை எடுத்துக்கொள். ஆனால் கொரீன், நிதானமாக யோசி. கிளென் கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம். அவன் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். டெட்ராய்ட் ஆற்றில் பனி உடைந்து நான் உள்ளே போனபோது குப்புறப் படுத்து என் காலரைப் பிடித்து இழுத்தவன். அது இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத நான் ஏது?

மோதித்தான் ஆவேன் என்றால், சிலிண்டர்களைக் குடைந்திருக்கும் அந்தப் பழைய இரும்பு பிளாக் வேண்டாம். முழு அலுமினியக் கட்டியைக் கடைந்து செய்த பிளாக் கிடைக்கிறதாமே, எத்தனை டர்போ போட்டாலும் அசையாது என்கிறார்கள். அதை வாங்கு. லாரிக்காக வார்த்த இரும்பில் ஆயிரத்து இருநூறு குதிரையை அடைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

கிறிஸ்துமஸுக்கு அம்மா பன்றிக்கறி வைத்துச் சுடும் பை செய்தால் என் பங்கை நீ சாப்பிட்டுவிடு.

அன்புடன்
ரெனே

*

வின்ட்ஸர்
19 ஜனவரி 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தைலம் வந்தது. முகாம் முழுக்க இதைத்தான் பூசிக்கொள்கிறீர்களா? அம்மா பூசிக்கொண்டதும் பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது. உன் பங்கைச் சாப்பிட்டேன். அம்மா கிளெனுக்கும் ஒரு கறிப் பை சுட்டு அனுப்பினாள் என்பதைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன். கேட்டால், "அவனுக்கும் வயிறு இருக்கேடி" என்கிறாள்.

கடைந்த பிளாக் வாங்கி ஓட்டினால் அதை விற்றவன்தான் ஜெயித்ததாக ஆகும். கிளெனிடம் இருப்பது லாரி இரும்பு, நானும் அதே லாரி இரும்பில்தான் கட்டுவேன். குதிரைத்திறனைப் பற்றி ஊரில் எல்லோரும் வாய் வலிக்கப் பேசுவார்கள். அந்தக் குதிரைகளை உள்ளே பிடித்துவைக்கும் இரும்பைப் பற்றி ஒருவன் பேசமாட்டான், அது பிளந்து தெருவில் ஊற்றும் வரை. டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். கீழே கிராங்கைப் பிடித்திருக்கும் கேப்புகள் நடுங்கும், சுவர்கள் உப்பும். இதையெல்லாம் தாங்குவது பிளாக்.

பழைய இரும்புக் கடையில் பனிக்குள் முழங்கால் போட்டு ஒவ்வொரு பிளாக்காக அளந்தேன். சுவரில் கருவியை வைத்தால் ஒலி உள்ளே போய்த் திரும்பிவந்து, இரும்பு எவ்வளவு தடிமன் என்று சொல்லிவிடும். வார்க்கும்போது உள்ளே வைக்கும் மணல் அச்சு துளி நகர்ந்தாலும் போதும். ஒரு பக்கம் தடித்துவிடும், எதிர்ப்பக்கம் மெலிந்துவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே அழகு. கடைக்காரர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "என்னம்மா, டாக்டர் மாதிரி வெச்சு வெச்சுப் பாக்குறே? இரும்பு இரும்புதானே?" என்றார். "மாப்பிள்ளை பாக்கறேன், போன தடவை பாக்காம கட்டிக்கிட்டேன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் சிகரெட் பனியில் விழுந்தது.

பதினோராவதில் கிடைத்தது. எட்டுச் சிலிண்டரும் எந்தப் பக்கம் வைத்தாலும் நூற்று எண்பது தௌவுக்குக் குறையவில்லை. நீ பாறையை அடிக்கணக்கில் துளைக்கிறவன், உனக்காகச் சொல்கிறேன். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு தௌ. என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

அடுத்தது, தண்ணீர் ஓடும் வழியில் பாதி உயரத்துக்குச் சிமென்ட் மாதிரி ஒரு கலவையை ஊற்றி இறுகவைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் முட்டுக்கொடுத்த மாதிரி நிற்கும். அப்புறம் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த எஃகுத் தகட்டை முறுக்கி இறுக்கி, அதோடு வைத்துச் சிலிண்டரைத் தேய்க்க வேண்டும். சும்மா கிடக்கிற பிளாக்கில் எந்தத் துளையும் வட்டமாகத்தான் இருக்கும். இறுக்கினால்தான் கோணிக்கொள்ளும். அதனால் முதலிலேயே இறுக்கி, அந்த நிலையில் வட்டமாக்க வேண்டும். கிளென் இதை ஒருநாளும் பொறுமையாக நின்று பார்த்ததில்லை.

நீ உடம்பைக் கவனி. நான் இரும்பைக் கவனிக்கிறேன்.

தங்கை
கொரீன்

*

சுரங்க முகாம்
16 பிப்ரவரி 1997

அன்புத் தங்கைக்கு,

நலம், இடது காது நுனி தவிர. தொப்பி போட்டிருந்தேன், காது வெளியே இருந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

உன் கடிதத்தைப் படுக்கையில் கிடந்து இரண்டு தரம் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரன், "காதல் கடிதமா?" என்றான். "சிமென்ட் ஊற்றுவது பற்றி" என்றேன். பாவம், எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டான்.

ஒன்று கேள்விப்பட்டேன். கிளென் இன்னும் பெரிய டர்போ இரண்டு மாட்டப் போகிறானாம், காற்றை முப்பது பவுண்டு பூஸ்ட் அழுத்தத்தில் வைக்கப் போகிறானாம். உண்மையா? நீ அங்கே இருந்தபோது எவ்வளவு வைப்பாய்? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். பூனையையும்.

ரெனே

*

வின்ட்ஸர்
23 மார்ச் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

காது எப்படி இருக்கிறது? அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விமானமேறி வந்து உன் காதைத் திருகி மிச்சத்தையும் எடுத்துவிடுவாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உள்ளங்கை மட்டும் காய்த்துப்போயிருக்கிறது.

வியாழக்கிழமை டோனட் கடைக்குப் போனேன். பந்தயக்காரர்கள் கூடும் மூலை மேஜையில் கிளென் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். எல்லோர் முன்னாலும் கேட்டால்தான் அது சவால், தனியாகக் கேட்டால் செல்லாது என்பது உனக்குத் தெரியும்.

"ஆகஸ்ட் பதினாறு, ஹார்ட்வெல். நீயும் நானும்" என்றேன்.

"ஓட்டறது யாரு?"

"நான்தான்."

"எந்தக் காரை?"

"ரெனேவோடதை."

"அந்தக் கோழிக்கூட்டையா!" மேஜையே குலுங்கியது.

"ஆமா. முட்டையை எடுத்தாச்சு."

அவன் காப்பியை ஒரு வாய் குடித்தான். சுற்றிலும் பார்த்துக் கண்ணடித்தான். "சரிம்மா கண்ணு, நீ முதல்ல கெளம்பிப் போ. உன் பின்விளக்கைப் பாத்துக்கிட்டே நான் மெதுவா வர்றேன்."

ஓடுதளத்தில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. முதலில் கிளம்ப விடுவது குழந்தைக்குக் காட்டும் கருணை. எனக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது.

"எனக்கு யாரும் வழிவிட வேண்டாம். பச்சை எரிஞ்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா கெளம்பறோம். உனக்குப் பயமா இருந்தா இப்பவே சொல்லிடு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒப்புக்கொண்டான்.

நீ "சும்மா" கேட்டதற்குப் பதில். முப்பது பவுண்டு வைக்கப் போவது உண்மைதான், மேஜையில் அதையே பீற்றிக்கொண்டிருந்தான். நான் இருந்தவரை இருபத்திரண்டுக்கு மேல் விட்டதில்லை. காரணம் இருக்கிறது. அவனுடைய பிளாக்கில் ஆறாவது சிலிண்டரின் ஒரு பக்கச் சுவர் வெறும் நூற்றுப் பத்து தௌ. பிஸ்டன் சாய்ந்து அழுத்துகிற பக்கம் அது. இதை வேண்டாம், வேறு பிளாக் தேடலாம் என்று அன்றைக்கே சொன்னேன். "நம்பரையெல்லாம் நீ வெச்சுக்கோ, எனக்கு ஆக்ஸிலேட்டர் போதும்" என்றான். வைத்துக்கொண்டேன். பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியும் என் கையில்தான் இருந்தது, எட்டு வருஷமும் உயிரோடு இருந்தான்.

முப்பதுக்கு அந்தச் சுவர் பிளக்கும். எப்போது என்றுதான் தெரியாது. பிளந்தால் தண்ணீரும் ஆயிலும் நேரே அவன் பின்சக்கரத்துக்கு அடியில் கொட்டும், நூற்றைம்பது மைல் வேகத்தில்.

இதை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக அவனிடம். சொல்வதா வேண்டாமா என்பது என் பாடு.

நலமாக இரு.

கொரீன்

*

சுரங்க முகாம்
25 மே 1997

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உறைந்த ஏரிகள்மேல் லாரி வரும் பனிப்பாதை உருகிவிட்டது, இனி விமானம் வந்தால்தான் தபால். அதோடு வேலையும் அதிகம். எனக்கு ஒன்றுமில்லை, நலம். அம்மா எப்படி இருக்கிறாள்?

இங்கே ஒரு நரி சமையற்கூடத்துக்குள் புகுந்து பன்றிக்கறி ஒரு தட்டைக் காலி செய்துவிட்டது. சமையற்காரர் துடைப்பத்தோடு ஓடினார். நரி ஓடவில்லை, திரும்பி நின்று அவரைப் பார்த்தது. அவர்தான் ஓடினார். மூன்று நாளாக முகாமில் இதே பேச்சு.

கொசு வரத் தொடங்கிவிட்டது. புதுத் துளைக்கருவி வந்திருக்கிறது.

அவனிடம் சொல்வாயா, கொரீன்?

ரெனே

*

வின்ட்ஸர்
8 ஜூன் 1997

அண்ணா,

அம்மா நலம், நான் நலம், நரியும் நலம் என்று நம்புகிறேன். இரண்டு மாதம் காத்திருந்தேன், நீ நரிக்கதை எழுதுகிறாய்.

சொல்ல மாட்டேன். எதற்குச் சொல்ல வேண்டும்? தானே தனியாளாகக் கட்டினேன் என்று அச்சில் சொல்லியிருக்கிறானே. கட்டினவனுக்கு எந்தச் சுவர் எவ்வளவு என்று தெரியாதா? நான் போய்ச் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? தோற்கப் பயந்து பெண்பிள்ளை பூச்சாண்டி காட்டுகிறாள் என்று டோனட் கடை முழுக்கச் சிரிக்கும். ஒருமுறை சொன்னேன், காதில் வாங்கவில்லை. என் வாய் ஒன்றும் தேய்ந்த டேப் இல்லை, திருப்பித் திருப்பிப் பாட.

ஆற்றில் உன்னை இழுத்தான், சரி. அதற்கு நான் எட்டு வருஷம் அவன் இன்ஜினைத் தூக்கினேன். அந்தக் கணக்கு தீர்ந்தது.

என் சேதி கேள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. முதல் தரம் சத்தம் வந்தபோது சலவைக்கடையின் கண்ணாடி அதிர்ந்து, முதலில் நான் சிரித்தேன், பிறகு அழுதேன். சனிக்கிழமை முதல்முறையாக ஓட்டினேன். பயமாக இருந்தது அண்ணா, உன்னிடம் மறைப்பதற்கென்ன. எத்தனையோ இன்ஜின் கட்டியிருக்கிறேன், அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை. விட்டதும் நெஞ்சை யாரோ பின்னுக்குத் தள்ளிய மாதிரி இருந்தது. மேலே தூக்கிக்கொண்ட முன்சக்கரம் மறுபடி தரையைத் தொட்டபோது நான் கத்திக்கொண்டிருந்தேன். இறங்கியதும் இன்னொரு தரம் போக வேண்டும் என்றுதான் தோன்றியது. பிரித்துப் பார்த்தேன். கேப்புகள் அசையவில்லை, சுவரில் ஒரு கீறல் இல்லை.

இனி கிளென் பற்றி எழுதாதே.

கொரீன்

*

சுரங்க முகாம்
29 ஜூன் 1997

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ ஓட்டியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஹெல்மெட் பட்டையை இறுக்கிப் போடு.

சரி, உன் இஷ்டம். நான் ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்டில் லீவு கிடைக்காது.

ரெனே

*

வின்ட்ஸர்
3 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைவிட மளிகைச் சீட்டு நீளமாக இருக்கும். காய்ச்சலா? கோபமா? எதுவானாலும் வாயைத் திறந்து எழுது. அம்மா கேட்கிறாள்.

நேற்று ஹார்ட்வெலில் ஒத்திகைக்குக் கிளெனும் வந்திருந்தான். முப்பது வைத்துவிட்டான். வேகப் பலகையைப் பார்க்கத் தேவையில்லை, எனக்குச் சத்தத்திலேயே தெரியும். நூற்று ஐம்பத்தெட்டு மைல் என்று ஒலிபெருக்கி சொன்னதும் ஜனங்கள் விசிலடித்தார்கள். நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் கோடு தாண்டுகிற வரை மூச்சு விடவில்லை. தாண்டினான். அதன்பின் எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் அல்ல, மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற என்மேல்.

சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சொல்ல மாட்டேன்.

கொரீன்

*

வின்ட்ஸர்
18 ஆகஸ்ட் 1997

ரெனே,

அம்மா நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கமாட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஓட்டத்தை அறிவித்துவிட்டார்கள். கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கிளெனின் அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அவன் கூடாரத்துக்கு நடந்தேன். அவன் ஆட்கள் ஆறேழு பேர், வேடிக்கை பார்க்க இன்னும் முப்பது பேர்.

"கிளென், ஆறாவது சிலிண்டர், வெளிப்பக்கச் சுவர். நூத்திப் பத்து தௌதான் இருக்கு. முப்பதுக்குத் தாங்காது. இருபத்திரண்டுக்கு இறக்கு."

அவன் ஆள் ஒருவன், "ஓடறதுக்கு முன்னாடியே சாக்கு ரெடி பண்ணுது பாரு" என்று சிரித்தான். கிளென் சிரிக்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உங்கண்ணன் ஜூன் கடைசியிலயே போன் பண்ணிச் சொல்லிட்டான். நீ தூண்டிவிட்டுத்தான் பேசறான்னு நெனச்சேன்."

எந்தப் போன்? வரிசையே நின்று மூக்கை உறிஞ்சும் என்றாயே, அந்தப் போனா? பத்து மாதத்தில் எனக்கு ஒரு ஹலோ சொல்லாத போனா?

"நான் தூண்டல. அவன் பேசினதே எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றேன்.

"அப்ப நீ ஏன் இப்ப வந்தே?"

"அது பிளந்துச்சுன்னா பக்கத்து லேன்ல இருக்கப் போறது நான். உங்கம்மா அங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருக்காங்க. போதுமா?" பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். "அந்த பிளாக்கை அளந்தது நான், சிலிண்டர் கடைஞ்சது நான், பூட்டினது நான். அதை நம்பறதா இருந்தா இறக்கு. நீதான் கட்டினேன்னா, மிதி."

திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். கழற்றிப் போட்ட கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கோட்டில் நின்றோம். மஞ்சள், பச்சை. ஒன்றாகத்தான் கிளம்பினோம். பாதி தூரம் வரை அவன் கார் மூக்கு என் ஜன்னல் ஓரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. கவிழ்ந்துவிட்டானோ, பிளந்துவிட்டதோ என்று அந்த வேகத்தில் திரும்பிப் பார்க்க முடியாது. கோடு தாண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நேராக, பத்திரமாக வந்துகொண்டிருந்தான்.

ஒலிபெருக்கியில் என் வேகத்தைச் சொன்னார்கள், நூற்று அறுபத்தொன்று. அவன் வேகத்தைச் சொன்னார்கள், நூற்று முப்பத்தொன்பது.

கைதட்டல் பாதியில் நின்றது. அங்கே நிற்கிற பாட்டிக்குக்கூட அந்தக் கணக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்பு நூற்று ஐம்பத்தெட்டு ஓடிய அதே கார். புகை இல்லை, கோளாறு இல்லை, வழுக்கவில்லை. பூஸ்ட்டை இறக்கினால் மட்டும்தான் அப்படி ஓடும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தானே கட்டிய இன்ஜினைப் பற்றி அடுத்தவள் சொன்னதை எவன் நம்புவான்? அவன் இறங்கி, "கியர் சரியா பிடிக்கல" என்றான். யாரும் "ஆமாம்" என்று சொல்லவில்லை.

நான் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். ஜெயித்த சந்தோஷம் பாதிதான். அன்று ஓடியது இரண்டும் என் இன்ஜின். யார் முன்னால் வந்திருந்தாலும் ஜெயித்தது நான்தான், ஆனால் அதை ஊருக்குச் சொல்ல ஒரு மனுஷன் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எட்டு வருஷ ஆத்திரம் ஒரே நாளில் கரைந்துவிடாது.

உன்மேல் இருப்பது வேறு ஆத்திரம். சொல்லாதே என்றேன், சொன்னாய். சொன்னதையும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வர வேண்டியதை உன் வாயில் போட்டுக்கொண்டாய்.

கொரீன்

*

சுரங்க முகாம்
7 செப்டம்பர் 1997

அன்புத் தங்கை கொரீனுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நலம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். நூற்று முப்பத்தொன்பது என்றதும் நாற்பது பேர் மேஜையைத் தட்டினார்கள். சமையற்காரர் உனக்காக ஒரு கேக் செய்தார். நீ இல்லாததால் நாங்களே தின்றோம்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். திட்டு, நன்றாகத் திட்டு. மறுபடி அப்படி ஒன்று வந்தாலும் அந்தப் போனை எடுக்கத்தான் செய்வேன். அவன் பிழைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. ஒருவேளை அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்குப் பிறகு நீ ஒரு பிளாக்கைத் தொட்டிருப்பாயா? உன்னை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. நான் சொன்னபோது அவன் கேட்கவில்லை. "உன் தங்கச்சி நல்லா கதை சொல்லுவா" என்று வைத்துவிட்டான். நீ சொன்னபோது கேட்டான்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். கதவைத் திறப்பாயா?

ரெனே

*

வின்ட்ஸர்
28 செப்டம்பர் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

திறப்பேன். திறந்ததும் முதலில் அந்தக் காதைத்தான் திருகுவேன், குளிரில் போன காதை அல்ல, நன்றாக இருக்கிற காதை. அம்மாவும் பூனையும் நலம். எனக்குச் சளி பிடித்திருக்கிறது. குனிந்தால் மூக்கு ஒழுகுகிறது, எந்நேரமும் குனிந்துதான் வேலை.

செவ்வாய்க்கிழமை கிளென் வந்தான். பிக்கப் வண்டியின் பின்னால் அந்த பிளாக், பிரித்துச் சுத்தம் செய்து. வாசலில் இரண்டு பேர் தங்கள் பிளாக்கோடு முன்னமே காத்திருந்தார்கள். அவனும் வரிசையில் நின்றான். நான் அவசரப்படவில்லை.

அவன் முறை வந்ததும் ஆறாவது சிலிண்டரில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்துக் காட்டினேன். சுவரில் மேலிருந்து கீழாக மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல் சிவப்பாகத் தெரிந்தது. ஒத்திகை ஓட்டத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"உள்ள லைனர் குழாய் இறக்கிப் போட்டா தாங்குமா?" என்றான்.

"தாங்கும். நான் சொல்ற பூஸ்ட்தான் வைக்கணும்."

"சரி."

"யாரு கட்டினதுன்னு எவனாவது கேட்டா?"

அவன் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. எழுத்து அச்சுகளையும் சுத்தியலையும் எடுத்தேன். பிளாக்கின் முன்பக்கம், டைமிங் கவருக்கு மேலே, தட்டையாக ஒரு இடம் உண்டு. கட்டியவர்கள் அங்கே தங்கள் முதலெழுத்து இரண்டை அடிப்பது வழக்கம். நான் முழுப் பெயரையும் அடிப்பது என்று வைத்துக்கொண்டேன். கிளெனின் குடும்பப் பெயரான மல்லோய் அல்ல, நம் அப்பா கொடுத்த பெயர்.

முதல் எழுத்துக்கு ஸ்டாண்டில் பிளாக் சுழன்றுவிட்டது. "பிடி" என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கடைசி எழுத்து வரை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

குளிர் தொடங்கிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்.

கொரீன் ட்ரூயார்